கறுப்புக்குக் கீழே

பிப்ரவரி 4, செவ்வாய்

என் பெண் வினோவின் சைக்கிளில் மறுபடி அந்தச் சத்தம். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் 'க்ரிக்' என்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் கடைசியில் தண்ணீர் டேங்க் பக்கம் ஏறும் ரோட்டில் அவள் போக, கேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஓட்டுகிறவளுக்குக் கேட்கவில்லையாம். பத்தொன்பது வயதுக் காதுக்கு என்ன கேடு?

போன மாதம் முத்தாண்டிக்குப்பத்து முந்திரிக்காட்டில் விழுந்தாளே, அப்போதே ஹேண்டில்பாரின் நடுவில் மெல்லிசாக ஒரு விரிசல் கோடு விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர்தான் மந்தாரக்குப்பம் மருதாசலம் கடையில் அதே மாடலில் வேறு வாங்கி, தானே மாட்டியும் கொடுத்தார். புதுசு எதற்குச் சத்தம் போட வேண்டும்?

23ஆம் தேதி மாவட்ட செலக்‌ஷன். பெயர்தான் மலைச் சைக்கிள். இந்தப் பக்கம் மலைக்கு எங்கே போவது, முந்திரிக்காட்டுச் செம்மண் பள்ளம்தான் இவர்களுக்கு மலை. தலைகுப்புற இறங்குகிறார்கள். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள அவளுக்கு இருப்பது அந்த ஒரு குழாய். அது பாதி வழியில் உடைந்தால்? எழுதவே கை வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

டூப்ளிகேட்டாக இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இது பழகிவிட்டது, அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன். ஹேண்டில்பார் வந்த அட்டை எங்கே என்று இவரிடம் கேட்டேன். குப்பையில் போட்டாராம். பழைய பார் எங்கே? அதுவும் குப்பைதானாம். இந்த வீட்டில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைக்கூட எறிய விடாத மனுஷன்!

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றார் சிரித்துக்கொண்டே. ஆமாம், எனக்குச் சந்தேகம்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

சத்தம் நின்றுவிட்டது. யாரோ முடுக்கியிருக்கிறார்கள். சத்தத்தைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் நானும் முந்திரிக்காட்டுக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் பள்ளத்தில் கல் உருள்வதுபோல் இறங்கினார்கள். வினோ மட்டும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். போன வருஷம் இதே பள்ளத்தில் கத்திக்கொண்டே இறங்கிய பெண்.

விழுந்த பயம் போகவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா" என்று வேறு பக்கம் பார்த்தாள். இவளும் எதையோ மறைக்கிறாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடை மூடி வரும் வழியில் மருதாசலத்திடம் சண்டைக்கே போய்விட்டேன். பிள்ளை உயிரோடு விளையாடுகிற வியாபாரமா என்று தெருவே கேட்கும்படி கேட்டேன். அவர் பஞ்சர் டியூபைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அக்கா, கோவப்படாதீங்க. சவரிராஜ் அண்ணன் பாரை எடுத்துக்கினு வந்து காட்டுனாரு. மாத்திடுங்கண்ணான்னுதான் சொன்னேன். யோசிச்சிட்டு வரேன்னு போனவரு, திரும்ப வரவேயில்லீங்களே."

என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேனா? கேட்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இவரிடம் கேட்டேன். மருதாசலம் மறந்திருப்பான் என்று சொல்லிவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். பொய் சொன்னால் இவர் உடனே தோட்டத்துக்குப் போவார். கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கிறேன், அந்த முருங்கை இப்படித்தான் செழித்திருக்கிறது.

அப்படியென்றால் சைக்கிளில் இருப்பது எது? எங்கே வாங்கியது? யாராவது விபத்தில் உடைத்துப்போட்டதா?

பிப்ரவரி 13, வியாழன்

தெரிந்துவிட்டது.

சைக்கிள் காற்றில் சாய்ந்து கேட்டில் உரசியது. நிமிர்த்தும்போது பார்த்தேன், ஹேண்டில்பாரின் நடுவில் கறுப்புப் பெயிண்ட் பெயர்ந்து, அடியில் செங்கல் நிறம். ரெட் ஆக்சைடு. துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு முதலில் அடிப்பது. எங்கள் கேட்டைச் சுரண்டினால் அந்தச் சிவப்பு வரும். துணி காயப்போடும் கம்பி, கேஸ் ஸ்டாண்டு, கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டும் கம்பம் - இவர் வெல்டு வைத்த எதைச் சுரண்டினாலும் வரும். அது அடிக்காமல் மேல் பெயிண்ட் அடிக்க இவர் கையே வராது. துருவே பிடிக்காத அலுமினியக் குழாய்க்கு ரெட் ஆக்சைடு அடிக்க உலகத்தில் எந்தக் கம்பெனிக்குத் தோன்றும்?

பழைய பார்தான். அந்தக் கோட்டை வெல்டு வைத்து, ராவி, பெயிண்ட் அடித்து, என் பெண் கையில் கொடுத்திருக்கிறார். இவர் கைவேலையை மட்டும்தான் நான் இதுவரை சந்தேகப்பட்டதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் கேட்டேன். இந்த முறை தோட்டத்துக்குப் போகவில்லை. மந்தாரக்குப்பத்தில் சிநேகிதன் பட்டறையில் வைத்து வெல்டு அடித்தாராம்.

"சுரங்கத்துல மண்ணு வார்ற சக்கரத்துக்கே பல்லு வெச்சி வெல்டு அடிக்கிறவன் நானு. இந்தக் கொழா எம்மாத்திரம்? சொன்னா நீ வுட்டுடுவியா?"

வுட மாட்டேன். வுடவே மாட்டேன். என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அப்போதுதான் வினோ உள்ளே வந்தாள்.

"எனக்குத் தெரியும்மா. ஓரத்துல நான் பாறையில தேய்ச்ச தழும்பு அப்படியே இருக்கு."

தெரிந்தேவா ஓட்டினாய் என்றேன். "அப்பா மாட்டிக் குடுத்தப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு" என்றாள்.

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அதுக்குத்தான் பிரேக் புடிச்சிக்கினே எறங்குறியா?" என்றார். கோபத்தில் இருந்த எனக்கே இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 15, சனி

குழம்பில் உப்பு இல்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் ஹேண்டில்பாரைக் கழற்றி, பின்பக்கம் மேசையில் இருக்கும் இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, அதன்மேல் ஏறி நின்றார். எண்பது கிலோ ஆள். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி என்னைப் பார்த்தார்.

நின்றால் போதுமா, ஒரு பள்ளத்தில் இறங்குவதற்குள் அது எத்தனை உதறல் வாங்குகிறது என்றேன். மணல் மூட்டை ஒன்றைப் பாரில் கட்டித் தொங்கவிட்டு, மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தார். கை வலித்தால் மாற்றுக் கை. பிடிவாதமா, பயமா என்று தெரியவில்லை. மூன்று நாளாக இவர்மேல் இருந்த கோபம் அந்த மூட்டை ஆடியதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கியது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றும் ஆட்டினார். இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஆட்டினார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மூட்டை விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் வெல்டு வுடல டெய்சி. அதுக்குப் பக்கத்துல வுட்டுடுச்சி."

பார்த்தேன். உண்மைதான். அவர் வெல்டு அப்படியே கெட்டியாக இருக்கிறது. அதை ஒட்டி, சூடு பட்ட இடத்தில், கத்தரித்ததுபோல் விட்டுப்போயிருக்கிறது.

"அந்தப் பள்ளத்துல வுட்டிருந்தா?" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

புது ஹேண்டில்பார் வாங்க மருதாசலம் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். அட்டையை நான்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "வுடுங்கக்கா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாவட்ட அணிக்கு நான்கு பேரை எடுத்தார்கள். வினோ மூன்றாவது! பள்ளத்தில் கத்திக்கொண்டே இறங்கினாள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இவர் ஒரு முந்திரி மரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றிருந்தார். கைதட்டல் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

மார்ச் 6, வியாழன்

காலையில் வினோ பிராக்டீஸுக்குக் கிளம்பினாள். நான் தோசைக்கல்லை விட்டு வரவில்லை, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார். தினம் இதே வேலை. துணியால் ஹேண்டில்பாரைத் துடைக்கிறார், செல்போன் லைட்டை அடித்துப் பார்க்கிறார், கட்டைவிரலால் தடவுகிறார்.

"டெய்சி, கொஞ்சம் வாயேன். இங்க கோடு மாதிரி தெரியுதா?"

போய்ப் பார்த்தேன். வினோவின் தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்துக் காட்டினேன். முடியைப் பார்த்தார், பாரைப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னொருவாட்டி பாரு" என்றார்.

பார்த்தேன்.