பதினாறா, இருபத்துநாலா

லவோன்,

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் உன் அம்மாவின் பைபிள்மேல் கை வைக்கிறேன்.

நாலு மணிக்கு உதிரிபாகக் கடை டுவைட் வருவான். நம் அறுபத்தொன்பதாம் வருடத்துப் பெரிய எஞ்சின் மஸில் காருக்கு வாங்கிவந்த இரண்டு ஸ்டீயரிங் பெட்டிகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒன்றின் விகிதம் பதினாறு, மற்றதன் விகிதம் இருபத்துநாலு. பதினாறு போட்டால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் சுற்றினாலே வண்டி திரும்பும், ஆனால் கைக்குக் கனம். இருபத்துநாலு இலேசு, ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"உன் கைக்கு இனிமே இருபத்துநாலுதான் சரிப்படும், கிழவா" என்று நேற்று சாப்பாட்டு மேசையில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் இன்று நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். இருபத்துநாலை வைத்துக்கொண்டு வங்கி முனையில் திரும்ப ஆரம்பித்தேன். சுற்றி முடிப்பதற்குள் வங்கியையே பூட்டிவிட்டார்கள். பதினாறை வைத்துக்கொண்டு பாதிரியார் காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒற்றை விரலால் நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றி, "ஏய் ஆர்வல், உனக்கென்ன இருபது வயசா?" என்றார்.

ஆனாலும் எதைக் கொடுப்பது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீயே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடு. அவன் போகும்வரை நான் கோழிக்கூண்டுப் பக்கம் இருப்பேன்.

அடுப்பில் மக்காச்சோள ரொட்டி இருக்கிறது.

மறந்துவிட்டேன்: மேசைமேல் இருக்கும் ஊறுகாய் பாட்டிலின் மூடியை என்னால் திருக முடியவில்லை. வந்ததும் திறந்து வை.