வாவியில் விழுந்ததற்கு அடுத்த ட்ரோன்

மச்சாள்,

இன்று பொபின் தேடித் தையல் மெஷினின் லாச்சியை இழுத்தேன். பழைய பொத்தான்களுக்கும் உடைந்த ஊசிகளுக்கும் நடுவில் அது கிடந்தது. என் விரல் நீளம்கூட இல்லாத, உன் ட்ரோனின் கறுப்பு விசிறி. அதன் நடுத்தண்டில் சிவப்புப் பட்டநூல் இறுகச் சுற்றியபடியே இருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாவிச் சேற்றின் மணம் இன்னும் போகவில்லை. அழுகைதான் வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது. நல்ல கோபம், நீ இருந்திருந்தால் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசித்திருப்பாய்.

இந்த மாதம் நான் யாரோடெல்லாம் சண்டை பிடித்தேன் என்று சொல்ல எனக்கு ஆளில்லை. உன் தம்பியிடம் சொன்னால் "விடுங்கா, அவங்களோட என்ன கதை" என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவரைக் கட்டி இத்தனை காலம் சமாளித்ததே நீ இருந்த தைரியத்தில்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கியது களுதாவளைக் கலியாணத்தில். பொம்பிளை மாப்பிள்ளை வாசலில் நிற்க, தலைக்கு மேலே ட்ரோன் இரைந்துகொண்டு சுற்றியது. வயதானவர்கள் முக்காட்டை இழுத்து விட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். உன் மகள் தாரணி மட்டும் மேலே பார்க்கவில்லை. அதை இயக்கிக்கொண்டிருந்த படப்பிடிப்புக்காரனின் இரண்டு பெருவிரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனிடம் போய், ஒருதரம் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். "இது பொம்புளப் புள்ளையள் தொடுற சாமான் இல்ல தங்கச்சி, அங்கால போங்க."

நீ கையில் பலகாரத் தட்டோடு நின்றாய். தட்டை என்னிடம் தந்துவிட்டு அவனுக்கு முன்னால் போய் நின்றாய். "தம்பி, நீ படம் எடுக்கிறதே ஒரு பொம்புளப் புள்ளையத்தான்" என்றாய். அவன் ரிமோட்டைப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உன் வாய் மூடவில்லை. "நாளைக்கே வாங்குவன் மச்சாள். பார்த்துக்கொண்டிரு."

நீ நாளைக்கே என்றால் நாளைக்கேதான். போனில் வந்த முதல் விளம்பரத்தையே அமத்தி வாங்கிவிட்டாய். பெட்டியில் மலையும் கடலும் படம் போட்டிருந்தது, கமரா உண்டு என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ உள்ளங்கை அளவு சாமான். விசிறிகளைச் சுற்றிக் கூடு இல்லை. கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கவும் தெரியாது. இதெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று அன்றைக்கு நமக்கு யார் சொன்னார்கள்?

அதைவிடப் பெரிய கூத்து நீ செய்தது. சின்ன வயதில் செட்டிபாளையம் கரையில் பொடியன்களின் பட்டங்களை எல்லாம் அறுத்து விழுத்தியவள் நீ. நூல் இல்லாமல் ஒரு சாமான் மேலே போகும், திரும்பியும் வரும் என்பதை உன் மனம் ஏற்கவே இல்லை. "பிடியில்லாமல் எப்படிகா விடுறது? போயிட்டா?" என்று சொல்லி அதன் வயிற்றில் பட்டநூலைக் கட்டினாய். முடிச்சு சரியாக நடுவில் விழ வேண்டும் என்று என்னிடம் ஊசி வாங்கி நேர்பார்த்தது வேறு. நூல் உருளையைத் தாரணியின் கையில் கொடுத்து, ரிமோட்டை நீ வைத்துக்கொண்டாய். அதுவும் எந்த நேரத்தில்? கச்சான் காற்று வயல் பக்கமிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் பின்னேரத்தில். பட்டத்துக்குக் காற்று வேண்டும், ஆகவே இதற்கும் வேண்டும் என்பது உன் கணக்கு.

வாவிக்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அது எழும்பியது. உன் முகத்தை நான் பார்த்தேன், நீயே மேலே போன மாதிரி ஒரு முகம். உடனே காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. "நூலை இழு, இழு!" என்று கத்தினாய். தாரணி இழுத்தாள். நூல் விசிறிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. வாவிக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. உன் புருஷனின் தமையன் அன்றைக்கு அங்கேதான் நின்றார். "ட்ரோனுக்குக் கயிறு கட்டின முதல் ஆள் எங்கட வீட்டு ஆள்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாய். சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தாய். நானென்றால் அப்படியே மற்றக் கரைக்கு நீந்திப் போயிருப்பேன், திரும்பி வந்திருக்கவே மாட்டேன். நீ அந்தச் சாமானைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்களைப் பார்த்துச் சொன்னாய்.

"வடிவாச் சிரிங்க. அடுத்ததுக்கும் வாங்க. இந்த இடத்திலதான் விடுவம்."

அடுத்தது வரவில்லை. உனக்கு நோய் வந்தது.

கட்டிலில் கிடந்தும் நீ விடவில்லையே. மருந்தால் வாய் கசக்கிறது என்று ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டாய், ஆனால் போனை வாங்கி ட்ரோன் பார்ப்பாய். விளம்பரத்தை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் கீழே எழுதியிருக்கும் திட்டுகளை மட்டும் என்னை வாசிக்கச் சொல்வாய். ஒவ்வொரு திட்டிலிருந்தும் ஒரு பாடம் எடுத்தாய். விசிறியைச் சுற்றிக் கூடு இருக்க வேண்டும், பிள்ளையின் விரலுக்கும் நல்லது, சுவரில் முட்டினாலும் உடையாது. கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஒரு பொத்தானை அமத்தினால் இறங்க வேண்டும். ஒரு பற்றரி கண்ணை மூடித் திறக்க முதல் முடிந்துவிடும், ஆகவே கூட இரண்டு இருக்க வேண்டும். உதிரி விசிறி இங்கே கடையில் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் முதல் அடியோடு அது அலுமாரிக்கு மேலே போய்விடும்.

"கமரா?" என்று கேட்டேன். எனக்கு அதில் ஆசை, நம் வீட்டு வளவை மேலே இருந்து பார்க்கலாமே என்று.

"கமரா வேணாங்கா. காசும் கூட, பாரமும் கூட. கமரா இருந்தா அவள் போனைத்தான் பார்ப்பாள், வானத்தைப் பார்க்கமாட்டாள்" என்றாய். பிறகு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, "காத்து எழும்ப முதல் விடோணும். விடியத்தான்" என்றாய். நான் தலையாட்டினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். உன் ஆண்டுத் திவசத்துக்கு என்ன செய்வது என்று பேச உன் வீட்டு விறாந்தையில் கூடினோம். சமையல், பூசை எல்லாம் பேசி முடித்தார்கள். திவசம் முடிந்து மூன்று கிழமையில் தாரணியின் பிறந்தநாளும் வருகிறது. நான் சொன்னேன், பிள்ளைக்கு ட்ரோன் வாங்கப்போகிறேன் என்று.

பெரியவர் கதிரையில் நிமிர்ந்தார். உன் புருஷனின் தமையனைத்தான் சொல்கிறேன், வேறு யார்? "உனக்கென்ன விசரா புள்ள? தாய் செத்து வருஷம் திரும்பேல்ல, வீட்டு முத்தத்தில விளையாட்டுச் சாமான் இரையிறதா? ஊர் என்ன சொல்லும்? வளர்ற பொம்புளப் புள்ள, ஒரு சோடி தோடு வாங்கிப் போடுவம். அது கடைசி வரைக்கும் இருக்கும்."

உன் புருஷனைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். கெட்ட மனுசன் இல்லை, நீ போனதோடு அவருடைய குரலும் போய்விட்டது. வாசற்படியில் நின்ற தாரணிதான் பேசினாள். "எனக்குத் தோடு வேணாம் பெரியப்பா. தோட்டை எங்க பறக்க விடுறது?"

"பார்த்தியா, வாய்! தாயைப் போலவே" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. எழும்பி நின்றேன். "தாயைப் போலதான் அண்ணா. வேற யாரைப் போல இருக்கோணும்?" என்றேன். "ஊர் ஊர் எண்டு சொல்றீங்க. இது யாருடைய வீடு? இவள்ட அம்மம்மா இவள்ட தாய்க்குச் சீதனமாக் குடுத்த வீடு. நாளைக்கு இவளுக்கு. நீங்க இருக்கிறதும் உங்கட பொஞ்சாதிக்குக் குடுத்த வீட்டிலதான். இந்த ஊரில ஒரு ஆம்பிளைக்காவது சொந்தமா வீடு, முத்தம் கிடக்கா? பொம்புளப் புள்ளைட வளவில என்ன பறக்கோணும் எண்டு பொம்புளப் புள்ளைதான் சொல்லோணும்."

அப்போது உன் புருஷன் தலையை நிமிர்த்தி, மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வாங்கட்டும் அண்ணா. அவ வாங்கத்தான் இருந்தவ." பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் தாரணியைக் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, முதலில் கமரா வைத்த பெரிய பெட்டியைத்தான் இறக்கினார். நான் உன் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். கூடு? அந்தரத்தில் நிற்குமா? உதிரி விசிறி உங்களிடம் இருக்கா? அவர் என்னை ஒருதரம் பார்த்தார், பெரிய பெட்டியை மேலே ஏற்றினார், உள்ளே போய்ச் சின்னது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கிறீங்க. இந்தா, இத எடுங்க. பழகிற பிள்ளையளுக்கு இதான் சரி" என்று சொல்லி, கடைக்குள்ளேயே பறக்க விட்டுக் காட்டினார். அது பிளாஸ்டிக் வாளி அடுக்கில் போய் முட்டியது. வாளிகள் உருண்டன, அது கொஞ்சம் ஆடிவிட்டு அப்படியே நின்றது. தாரணி கைகொட்டினாள். விலையும் நம் கைக்கு அடக்கம்தான். "சனக்கூட்டத்துக்கு மேலால விடாதீங்க, ஆமி முகாம் பக்கம் கொண்டு போயிராதீங்க, சரியா மகள்?" என்று அவளிடம் தனியாகச் சொல்லி, இரண்டு உதிரி விசிறிகளைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.

திவசம் முடிந்தது. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் படைத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு விடியலும் உன் வளவில் அவள் பழகினாள். முதலில் தென்னையில் முட்டினாள், பிறகு கிணற்றுக் கட்டில், பிறகு என் முதுகில். கிழமை போகப் போக முட்டுவது குறைந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "தாய் செத்த வீட்டில..." என்று தொடங்கினாள். "உள்ளுக்கு வாங்க, கிட்ட நிண்டு பாருங்க" என்றேன். வந்தாள். மறுநாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நேற்றுப் பின்னேரம் தாரணி கேட்டாள்: "மாமி, நாளைக்கு அம்மா விட்ட இடத்துக்குப் போவமா?"

இன்று விடியப் போனோம். கச்சான் இன்னும் எழும்பவில்லை, வாவி அசையாமல் கிடந்தது. அதே வலைக்காரர்கள்தான் தோணியிலிருந்து வலையை இறக்கிக்கொண்டு நின்றார்கள். பெரியவரும் மீன் வாங்க வந்திருந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார். தாரணி பெட்டியைத் திறந்து ட்ரோனை மணலில் வைத்தாள். ரிமோட்டைக் கையில் எடுத்தாள். பிறகு, நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை மச்சாள், உன் மேல் சத்தியம், அவர்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

"மாமா, அண்டைக்குச் சிரிச்சீங்கதானே? அடுத்ததுக்கும் வாங்க எண்டு அம்மா சொன்னவ. இதுதான் அடுத்தது. பாருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது எழும்பியது. அவளுடைய தலைக்கு மேலே போய், நீ இறங்கி நின்ற தண்ணீருக்கு மேலே போய், அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் ரிமோட்டிலிருந்து இரண்டு பெருவிரல்களையும் எடுத்துவிட்டாள். தானாக நிற்கிறது என்று எல்லோருக்கும் காட்ட. பிறகு திருப்பினாள். அது நேராக வந்து, வைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மணலில் இறங்கியது. பெரியவர் மீன்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றதை நான் பார்த்தேன். "இன்னொருக்கா விடு பார்ப்பம்" என்றார். அவள் பற்றரியை மாற்றி இன்னொருமுறை விட்டாள்.

வீட்டுக்கு வந்து பிறந்தநாள் சட்டையின் மிச்சத் தையலை முடிக்க உட்கார்ந்தபோதுதான் லாச்சிக்குள், அன்றைக்கு நூலை வெட்டித் தரச்சொல்லி நீ தந்த விசிறி கிடைத்தது. கத்தரியை எடுத்தேன், நூலை வெட்டிச் சுத்தம் செய்து வைப்போம் என்று. மனம் வரவில்லை. நீ கட்டிய நூல் இந்த உலகத்தில் வேறெங்கே மிஞ்சியிருக்கிறது? மேலே போனது திரும்பி வரவேண்டும் என்று கட்டியதுதானே அது. என்னிடமே இருக்கட்டும். உன் மகளுக்கு அது தேவைப்படாது.