தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று

இன்று புத்தூரில் பள்ளி அறிவியல் கண்காட்சி. கூடத்துக்குள் நுழைந்ததும் பசை வாடையும் தெர்மாகோல் தூளும் மூக்கில் ஏற, நீ நினைவுக்கு வந்துவிட்டாய். நடுவராக நான் தனியே போனது இதுதான் முதல் தடவை. எப்போதும் நாம் சேர்ந்துதான் போவோம். நான் மாடலைப் பார்ப்பேன்; நீ நேராகச் சார்ட்டின் அடியில் "ஆதாரம்" என்று எழுதிய இடத்துக்குப் போய்விடுவாய். வெறுமனே "இன்டர்நெட்" என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை தொலைந்தது. "யாரு எழுதினது? எப்போ எழுதினது? எதுனா விக்கிறானா?" என்று துருவுவாய். போலீஸ் மேடம் என்று உனக்குப் பேரே வைத்திருந்தார்கள்.

கார்வேட்டிநகரத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, கிட்னியைக் காக்கும் இலைச்சாறு என்று செய்துகொண்டு வந்திருந்தாள். கீழே இரண்டு இணைய முகவரிகள். "ரெண்டு எடத்துல பார்த்தேன் மேடம். தமிழ்ல ஒண்ணு, தெலுங்குல ஒண்ணு. ரெண்டுலயும் அதேதான் போட்டுக்கீறாங்க" என்றாள் பெருமையாக. இரண்டு பாஷையும் தெரிந்த நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டுமே செய்கிற தப்பு. போனில் திறந்து பார்த்தேன். அதே படம், அதே ஆள், அதே பாட்டில் விற்பனைக்கு. ஒன்றைத்தான் மொழி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். "ஒரே வாய் ரெண்டு பாஷை பேசினா ரெண்டு சாட்சி ஆயிடாது" என்பாயே, அது நாக்கு நுனி வரை வந்தது. கடைசியாக அதைச் சொன்னது உன்னிடம்தான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த நீ, எனக்கு இதே மாதிரி இரண்டு வீடியோ காட்டினாய். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. உன் வார்த்தையையே உனக்குத் திருப்பிச் சொன்னேன். நீ சிரித்தாய். "தெரியும்டி. பசங்க ப்ராஜெக்ட்டுக்கு அது சரி. எனக்கு இது நெஜமா இருக்கணும்."

சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரரிடம் அழுதேன். ஊசி குத்திக் குத்திக் கை கறுத்துப்போனவளிடம் எவ்வளவுதான் வாதாடுவது? டயாலிசிஸை நிறுத்தினாய். அந்த மாதமே போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பயமாகவும் இருக்கிறது.

கடைசியில் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து அவளுக்குக் காட்டினேன். கெட்டிக்காரி, சட்டென்று புரிந்துகொண்டாள். முகம் செத்துப்போனது. மார்க் போன வருத்தம் என்று நினைத்தேன்.

"எங்க நைனா இதைத்தான் குடிச்சிக்கினு கீறாரு மேடம். மாத்திரைய நிறுத்திட்டாரு. நான்தான் பார்த்துச் சொன்னேன்."

டாக்டரிடம் கூட்டிப் போ என்றேன்.

"நான் சொன்னா வரமாட்டாரு. நீங்க வந்து சொல்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போய் அவள் அப்பாவிடம் என்ன சொல்வது? யார் எழுதினது, என்ன விற்கிறான் என்று நான் விளக்கினால் அவரும் உன்னைப் போலச் சிரிக்கலாம். இப்படி நிறுத்திப் போனவர்களில் நான் கண்ணால் பார்த்தது உன் ஒருத்தியைத்தான். உன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஒரே ஒரு ஆளின் கதையை ஆதாரம் என்று எழுதிவந்த எத்தனை பிள்ளைகளை நீ திருப்பி அனுப்பியிருக்கிறாய். என்னையும் திருப்பித்தான் அனுப்புவாய். ஆனாலும் போகிறேன். என்னிடம் வேறு எதுவும் இல்லை.