யார் பெயரை எழுத

மோசேஸ்,

நீ மீன்பிடித்துத் திரும்புவதற்குள் நான் தலைநகர் நுக்குஅலோஃபா போகும் கப்பலில் ஏறியிருப்பேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த பெலேக் கீரை அடுப்பின் மேல் இருக்கிறது. சேப்பங்கிழங்கைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். கீரையில் உப்பில்லை, நீயும் போடாதே. டின் மாட்டிறைச்சியை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன், தேடாதே.

நேற்று தட்டைத் தள்ளிவிட்டு, "இலை தழை தின்ன நான் என்ன ஆடா? இங்க யாருக்கு வியாதி?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாய்.

எனக்குத்தான், மோசேஸ். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது இரத்த அழுத்தம் நூற்றெண்பது. நர்ஸ் லெசியேலி திட்டித் தீர்த்துவிட்டாள். "பச்சைக் கீரையில இருக்கற ஃபோலேட் வைட்டமின் நல்லா சேர்த்துக்கறவங்களுக்கு இந்தக் கொதிப்பு வர்றது குறைவு, அக்கா. நீங்க டின்னத் திறந்தே காலத்த ஓட்டிட்டீங்க. இப்ப கீரையோட மாத்திரையும் வேணும்" என்றாள். நம் மகன் ஆக்லாந்து போன பிறகு, ஒருத்திக்காகக் கீரை ஆய்வானேன் என்று விட்டுவிட்டேன். நீயும் பாதி நாள் கவா குடிக்கிற இடத்திலேயே சாப்பிட்டுவிடுகிறாய்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வருவேன்.

கலோலைன்

இதைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன், சாவி பாதிரியார் வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று. அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று படிவத்தில் எழுத லெசியேலி கேட்டாள். எனக்குக் கொஞ்ச நேரம் யார் பெயரும் வரவில்லை. பிறகு உன் பெயரைத்தான் சொன்னேன். போனை அணைத்து வைக்காதே.