ஊதாக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அனுப்புநர்:
எமலின் டில்லார்ட்,
பழைய ஆலைச் சாலை, மிலெட்,
பென்ரோஸ் மாவட்டம்,
ஓஸார்க் மலைப்பகுதி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பொது வேட்டை நிலங்கள் பிரிவு,
வன அலுவலகம், பென்ரோஸ் மாவட்டம்.

பொருள்: சால்ட் ஹாலோ பொது வேட்டை நிலத்துக்குள் மரங்களில் தவறான இடத்தில் பூசப்பட்டிருக்கும் ஊதாக் கோடு – அதனால் சென்ற சனிக்கிழமை என் கணவர் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டது – வரும் சனிக்கிழமைக்கு முன் நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் என் கணவர் டார்ரல், எட்டு மாதக் குழந்தை ஐவி ஆகியோருடன் வசித்து வருகிறேன். என் கணவர் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மான் வேட்டைக் காலத்தில் அவருக்கு ஓய்வு கிடைப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். எங்களுக்கென்று காடு கிடையாது. முன்பெல்லாம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அவர்கள் நிலத்தில் போய் உட்காருவார். இப்போது அந்த நிலங்கள் எல்லாம் நகரத்துக்காரர்களுக்குக் குத்தகைக்குப் போய்விட்டன. ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இறைச்சிக் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் கவலைதான்.

2. ஆகவே இரண்டு நாள் வேட்டைக்கு ஏற்ற பொது நிலம் தேடும் பொறுப்பை இந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரமெல்லாம் மறு கையில் கைபேசியை வைத்துக்கொண்டு தங்கள் துறையின் இணையதளத்தைப் பார்த்தேன். ஒரு காட்டுக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். இன்னொன்றில் வில் அம்புக்கு மட்டும் அனுமதி. இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில், படகில்லாமல் போக முடியாது. சால்ட் ஹாலோவுக்கு மட்டும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. துப்பாக்கிக்கு அனுமதி உண்டு, வீட்டிலிருந்து போய்வரும் தூரம், வரைபடத்தில் சாலையிலிருந்து ஓடைவரை பச்சையாக நீண்டு கிடந்தது. என் கணவரின் அண்ணன் ராய்ஸ், "ஏம்மா எமி, காலேஜ்ல அத்தன வருசம் படிச்சது மான் நிக்கிற எடத்தக் கண்டுபுடிக்கத்தானா?" என்று கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்து என் கணவரை அங்கே அனுப்பியவள் நான்தான், ஐயா. சனிக்கிழமையிலிருந்து என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

3. சனிக்கிழமை விடியுமுன் சகோதரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது வண்டி நிறுத்தும் இடம் நிரம்பியிருந்தது. சாலையிலிருந்து சிறிது தூரம் ஏறியதுமே மேட்டின்மேல் மரத்துக்கு மரம் ஊதாக் கோடு. ஊதா பூசிய மரத்துக்கு அப்பால் தனியார் நிலம், அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடைவரை போக வேண்டிய நிலம் மேட்டிலேயே முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் வேட்டைக்குரிய ஆரஞ்சு அங்கியோடு சாலைக்கும் ஊதாவுக்கும் நடுவே இருந்த சின்னத் துண்டு நிலத்தில் உட்கார்ந்தார்கள். "அங்க மானே இல்லம்மா, மனுசந்தான். மரத்துக்கு ஒருத்தன் ஆரஞ்சுப் பழமாட்டம் காச்சுத் தொங்கறான்" என்று ராய்ஸ் பிறகு சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

4. மற்றவர்களை விட்டு ஒதுங்கி உட்காருவதுதான் பத்திரம் என்று என் கணவர் ஊதாக் கோட்டை ஒட்டி, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கீழே பள்ளத்தில் இருந்தவர் ஓரன் ஹாட்லி என்பவர், பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருப்பவர். மேட்டிலிருந்து இறங்கிய மானை அவர் குறி பார்த்தார். பின்னால் மேடு இருக்கிறது, குண்டைத் தாங்கிக்கொள்ளும். கோட்டை ஒட்டி யாரும் இருக்கப்போவதில்லை என்று அவர் கணக்கு. ஒதுங்கியிருந்தால் பத்திரம் என்றார் ஒருவர், மேட்டைப் பார்த்துச் சுட்டால் பத்திரம் என்றார் மற்றவர். இரண்டு பேரின் எச்சரிக்கையும் ஒரே மரத்தில் வந்து முட்டியது. குண்டு என் கணவரின் தலைக்கு ஒரு சாண் மேலே, அவர் சாய்ந்திருந்த ஓக் மரத்தில் பாய்ந்தது. பட்டைச் சில்லுகள் கன்னத்தில் குத்தின. இன்றைக்கும் காயம் இருக்கிறது. ஐவி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

5. ஓரன் அவர்கள் துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு மேட்டில் ஓடி வந்தாராம். "தம்பி, ஒண்ணும் ஆகலேன்னு சொல்லு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, என் கணவர் பேசியதும் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஞாயிறு மாலை மனைவியோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். தட்டில் வைத்ததை அவர் தொடவில்லை. குழந்தையைத் தூக்கச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நடந்ததைத் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன். அவர்மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை.

6. மான் விழுந்தால் இழுத்து வர அண்ணன் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, என் கணவர் தாம் உட்கார்ந்த இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். ஞாயிறு மாலை ஓரனும் அவர் மனைவியும் போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். அந்தப் புள்ளி பச்சை நிலத்தின் எல்லையில் இல்லை, ஐயா. நட்டநடுவில் இருந்தது. முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு தங்கள் துறையின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் சொல்கின்றன. தவறு மரத்தில் இருக்கிறது.

7. திங்கட்கிழமை நண்பகல், குழந்தையை ராய்ஸின் மனைவியிடம் விட்டுவிட்டு, ஆரஞ்சு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நானே போனேன். வேட்டைக்காரர் யாரும் இல்லை. ஊதாக் கோட்டைத் தாண்டும்போது தயங்கினேன் என்பது உண்மை. தாண்டி மேட்டின் மறுபக்கம் இறங்கினேன். ஓடைக்கரையில் தங்கள் துறையின் மஞ்சள் எல்லைப் பலகைகள் இருக்கின்றன. சிலவற்றை மரப்பட்டை பாதி விழுங்கிவிட்டது. தங்கள் துறையின் முத்திரை பதித்த மூலைக்கல்லும் அங்கேயே இருக்கிறது. கோட்டுக்கும் ஓடைக்கும் இடையே, அதாவது பொதுமக்கள் நிலத்தில், மெத்தை போட்ட நாற்காலிகளோடு புது வேட்டைப் பரண்கள் கட்டியிருக்கிறார்கள். படங்கள் எடுத்து இணைத்துள்ளேன்.

8. படமெடுத்துக்கொண்டிருந்தபோது வெஸ்லி கிம்ப்ரோ அவர்கள் காட்டுப் பாதையில் ஓட்டும் திறந்த நாலுசக்கர வண்டியில் வந்தார். ஓடைக்கு அப்பால் உள்ள நிலம் அவருடையது. வெளியூர் வேட்டைக்காரர்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறார். தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் கேட்டார்: "அம்மணிக்கு ஊதாக் கலரு கண்ணுக்குத் தெரியாதுங்களா?" மஞ்சள் பலகையைக் காட்டினேன். "அது அந்தக் காலத்துப் பலகைங்க. மரம் வளரும், எல்லையும் நகரும்" என்றார். எல்லை நகரும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் சாலைப் பக்கம் கை காட்டினார். "கீழ ஒங்க காரப் பாத்தேன். பின்னால கொழந்த சீட்டு இருக்கு. நல்ல வேள, கூட்டிட்டு வரல. சீசன் பாருங்க, எவன் எங்கேருந்து சுடறான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். ஊதாவைப் பூசியவர் இன்னார் என்று நான் எழுதவில்லை. பூசும்போது நான் பார்க்கவில்லை. அவர் என்னை மிரட்டினார் என்றும் எழுதவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். திரும்பி வரும்போது காரின் எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டு, சிறிது நேரம் ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

9. என் கணவரிடம் வரைபடத்தைக் காட்டி, வரும் சனிக்கிழமை கோட்டைத் தாண்டிப் போய் உட்காருங்கள், அது நம் எல்லாருடைய நிலம் என்று சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் சிக்கலே அதில்தான் இருக்கிறது. "பச்ச போன்ல இருக்கு எமி. மரத்துல இருக்கறது ஊதா. எங்க வீட்ல துப்பாக்கியத் தொட விடறதுக்கு முன்னாடி ஊதாவத்தான் காட்டுவாங்க. அதத் தாண்டறவன் திருடன். டார்ரல் டில்லார்ட் அடுத்தவன் காட்டுல பூந்தான்னு நாளைக்கு எவனாவது சொன்னா, நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?" அப்படியானால் போகாதீர்கள் என்றேன். "இருக்கறதே ரெண்டு நாளு. வேற மரமாப் பாத்து உக்காந்துக்கறேன், போதுமா?" என்றார். வேறு மரத்துக்கு அங்கே எங்கே இடம்?

சென்ற சனிக்கிழமை வந்தவர்களில் ஊதாவை மதிக்காதவர் ஒரே ஒருவர் இருந்திருந்தால்கூட, மறுபக்கம் இறங்கி மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பார். கோடு பொய் என்று அன்றே தெரிந்திருக்கும். அப்படி ஒருவரும் இல்லை. எல்லாரும் ஒழுங்கானவர்கள். ஒழுங்கானவர்கள் என்பதால்தான் துப்பாக்கிகளோடு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

10. இன்று காலை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். முன்மேசையில் இருந்த அம்மையார் வரைபடத்தைக் கையில் வாங்கவேயில்லை. "ஊதான்னா தனியாரும்மா. மரத்துல என்ன இருக்கோ அதான் கணக்கு" என்றார். குண்டு பாய்ந்ததைச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். "சீசன் முடியட்டும். ஜனவரில ஒரு ஆள அனுப்பிப் பாக்கச் சொல்றேன்" என்றார். ஜனவரியில் அந்தக் காட்டில் யார் இருப்பார்கள், ஐயா? அணில்கள் இருக்கும்.

11. ஆகவே நான் வேண்டுவது: வெள்ளிக்கிழமை மாலைக்குள் தாங்களோ தங்கள் அதிகாரியோ அந்த மேட்டில் நடந்து பார்க்க வேண்டும். ஊதாவை நான் அழித்தால் குற்றம். தாங்கள் அழித்தால் கடமை. அழிக்க நேரமில்லை என்றால் அதன்மேல் "ஓடைவரை பொது நிலம்" என்று துறையின் அறிவிப்பையாவது ஒட்டுங்கள். சனிக்கிழமை விடியுமுன் வண்டி நிறுத்தும் இடத்தில் சீருடையில் ஒருவர் நின்று சொன்னால்கூடப் போதும். கையில் கைபேசியோடு நான் நின்று சொன்னால் நம்பமாட்டார்கள். என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

இவற்றில் எதுவுமே முடியாது என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சால்ட் ஹாலோவை மூடிவிடுங்கள். மூடினால் இந்த வருடம் எங்கள் உறைபெட்டி காலிதான். மூடச் சொன்னது நான் என்று தெரிந்தால் என் கணவர் எவ்வளவு நாள் என்னோடு பேசாமல் இருப்பார் என்று தெரியாது. தெரிந்தும்தான் கேட்கிறேன்.

12. கடைசியாக ஒன்று. ஷெரிஃப் அலுவலகத்துக்கும் இன்று பேசினேன். கோடு எங்கே இருக்க வேண்டும் என்பது தங்கள் துறையின் விஷயம், அவர்கள் தலையிட மாட்டார்களாம். சரி, யாரோ அத்துமீறி நுழைந்துவிட்டதாக நிலத்துக்காரர் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒடனே வண்டி கெளம்பிரும்மா. வன அதிகாரியும் கூட வருவாரு" என்றார் அங்கே போனை எடுத்த தம்பி.

வெள்ளி மாலைக்குள் தங்களிடமிருந்து தகவல் வராவிட்டால், சனிக்கிழமை விடியுமுன் குழந்தையை ராய்ஸின் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆரஞ்சு அங்கி, தொப்பியோடு, கையில் துப்பாக்கி இல்லாமல், ஊதாக் கோட்டைத் தாண்டிப் போய் ஓடைக்கரையில் தங்கள் மூலைக்கல்லின்மேல் உட்காருவேன். கிம்ப்ரோ அவர்கள் என்மேல் புகார் கொடுப்பார். கொடுக்கட்டும். என் புகாருக்கு வராத வண்டி அவர் புகாருக்கு வரும். வருகிற அதிகாரி என்னைக் கைது செய்வதற்கு முன்னால், நான் உட்கார்ந்திருப்பது யாருடைய நிலம் என்று குனிந்து பார்த்தே ஆக வேண்டும்.

அப்படி ஒரு நிலை வராமல் தாங்கள் முன்பே வந்துவிட வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

இடம்: மிலெட்
நாள்: நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை

தங்கள் நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எமலின் டில்லார்ட்

இணைப்பு: வரைபட நகல்கள், புகைப்படங்கள், திரு. ஓரன் ஹாட்லியின் வாக்குமூலம்.