இந்தத் தடவை கோலைத் தூக்க மாட்டேன்

என் அன்புச் சண்டைக்காரி கமலா,

இல்லை, நான் பாதியில் விடவில்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள். “நீங்க எதைத்தான் முழுசா முடிச்சிருக்கீங்க?” என்று நீ கேட்பது எனக்குக் கேட்காமல் இல்லை. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றது. கார் ஓட்டப் பழகியது ரிவர்ஸ் வரைக்கும். சமையலறை அலமாரிக்கு இன்னமும் ஒரு கதவுதான். சரி, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வேறு.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்றாள் நம் மகள் செல்வி. நாலு வரியில் உன்னோடு சண்டை போட முடியுமா? நான் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். கோபத்தில் முகம் உன்னுடையது மாதிரியே உப்பியிருக்கிறது. இதையும் அடிம்மா.

சேதி இதுதான். நான் காலேஜுக்குப் போகிறேன். சிரிக்காதே. லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் மாலை வகுப்பு. கட்டுமானத் தொழில்நுட்பம், நில அளவை. சைட்டில் வேலை பார்த்த அனுபவத்தைச் சொல்லி இடம் வாங்கிவிட்டேன். முதல் நாள் நான் நுழைந்ததும், வாத்தியார் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது. நானும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிஜ வாத்தியார் வரும்வரை நன்றாகத்தான் போனது.

இந்த வயசில் எதற்கு என்பாய். காலமெல்லாம் கம்பி கட்டினேன். முக்காலியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒருத்தன் வருவான். “யோவ், மறைக்காத, ஓரமா போ!” என்று என்னை விரட்டுவான். அதற்குள்ளே அப்படி என்னதான் பார்க்கிறான்? எனக்குத் தெரிய வேண்டாமா? இப்போது நானே பார்த்துவிட்டேன். குவீன்ஸ்டவுன் பஸ் ஸ்டாப்பில் டை கட்டிய ஒருவர் மூக்கைக் குடைவது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது தெரியுமா!

வம்பு வந்ததும் அங்கேதான். பழைய அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி, பகல் வெளிச்சத்தில் மட்டம் பார்க்கும் பயிற்சி. உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தொடங்கி, நிலம் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துக்கொண்டே சுற்றி, அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அதே உயரம் வர வேண்டும். கருவியில் பார்ப்பது நசீர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வருகிறவன். குறித்துக்கொள்வது ஒரு சீனப் பெண். அளவுக் கோலைப் பிடிப்பது நான். கருவியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது கோல் மட்டும் இடம் மாறவே கூடாது. நின்ற இடத்திலேயே கோலின் முகத்தைக் கருவிப் பக்கம் திருப்பலாம், அவ்வளவுதான்.

குறுகலான நடைபாதை. நசீர் கருவியோடு முன்னால் போய்விட்டான். பின்னால் மார்க்கெட் தள்ளுவண்டியோடு ஒரு ஆன்ட்டி. பெண்பிள்ளைக்கு வழிவிடாமல் நிற்பேனா? கோலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, ஒரு சலாமும் வைத்து, பிறகு ஏறக்குறைய அதே இடத்தில் ஊன்றினேன்.

சுற்றி வந்தபோது கணக்கு உதைத்தது.

“அங்கிள், கோல அசைச்சீங்களா?”

“அசைக்கலப்பா. தூக்குனேன்.”

நசீர் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஒரு நம்பர்தானே லா அங்கிள், மாத்திட்டா சரியாயிடும். யாருக்கும் தெரியாது.”

“தெரியாம எப்படிப்பா? நானே போய்ச் சொல்லிடுவேன். என் வாய் சும்மா இருக்காது.”

திங்கட்கிழமை ஒப்படைக்காவிட்டால் மூன்று பேருக்கும் ஃபெயில். அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறோம். இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கோலைத் தூக்கிய அன்றைக்கே வெயிலில் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றி, புளோக்குக்குக் கீழே உட்கார்ந்தேன். நசீர் செல்விக்கு போன் போட்டுவிட்டான்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “நம்பர மாத்துங்க, இல்ல கிளாஸ விடுங்க. அம்மாவ அனுப்பியாச்சு. உங்களையும் அனுப்ப என்னால முடியாதுப்பா.”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது, கமலா? அவள் பயம் எனக்குப் புரியாதா? ஆனால் உன் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து டிவி பார்த்தேனே சில மாதம், அப்போதும்தான் தலை சுற்றியது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, என்னை நம்பி இரண்டு பேர் எதிரே காத்திருக்கிறார்கள். காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். இதை விடச் சொல்கிறாள்.

தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். நிழல் கிடைத்தால் உட்காருகிறேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை போகத்தான் போகிறேன். இதையும் அடிம்மா. அடி.

அடிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள், நான் பேசி முடிப்பதற்குள். உன் மகள்தானே! மீதியை நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. அந்த ஆன்ட்டி வந்தாலும் சரி, தைப்பூசக் காவடியே வந்தாலும் சரி, சுற்றிப் போகச் சொல்லுவேன். இந்த ஒன்றையாவது முழுசாக முடிக்கிறேன்.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம். என் வெயில் தொப்பியைத் தேடுகிறாளா, இல்லை ஒளித்து வைக்கிறாளா?

உன் அடங்காத வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா