பூக்குழியில் நின்ற தண்ணீர்

என் உயிரான கணேசன் அண்ணே,

நீங்கள் போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் சௌக்கியம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. உங்கள் மகன் தினேஷ் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறான். நான் வெளியே நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வருடம் உங்களைக் கொண்டுபோன அதே காய்ச்சல், அண்ணே. அதே பூக்குழியில் வந்தது.

பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறுநீரகம் தடுமாறுகிறது, சிறுநீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டர் காலையில் சொன்னார். தாதி கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் அண்ணி எழுந்துபோய் "பையில ஏதாச்சும் சேந்துருக்கா?" என்று கேட்கிறார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அண்ணி திரும்பி வந்து எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். இன்னும் என்னோடு பேசவில்லை.

நடந்ததை உங்களிடம்தானே சொல்ல முடியும்? உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். பொறுமையாகக் கேளுங்கள்.

பத்து காஜா ஊர்ப்பக்கம் நம் தோட்டம் என்று பேச்சுக்குத்தான் சொல்லிக்கொள்கிறோம். அங்கே இப்போது ரப்பர்ப் பால்மரமும் இல்லை, நாம் குடியிருந்த லயமும் இல்லை. எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. உதிர்ந்த பழத்தைத் தின்று கொழுத்த எலிகள் பூனையைப் பார்த்தால்கூட ஒதுங்குவதில்லை. நாமெல்லாம் தாமான் குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டோம், அம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை தீமிதிக்குக் கார் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறோம்.

தீ மிதிப்பதற்குச் செங்கல் வைத்துக் கட்டிய அந்தப் பூக்குழியில் வருடம் முழுக்க மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். காப்பு கட்டிய மறுநாள் நீங்கள் எல்லாரும் அதில் இறங்கி, வாளியால் இறைத்து, சேற்றை வாரிக் கொட்டுவீர்கள். கோயில் எல்லைக்குள் செருப்பு கிடையாது. காப்பு கட்டியவர்களுக்கு எங்கேயும் கிடையாது. பூக்குழிக்குள் சப்பாத்து போட்டு இறங்கலாம் என்று நம் ஆட்களில் ஒருத்தர் நினைத்தது கூட இல்லை.

இத்தனைக்கும் நீங்கள் எவ்வளவு சுத்தக்காரர்! காப்பிக் கடையில் கோப்பையை வெந்நீரில் முக்கி எடுக்காமல் வாய் வைக்க மாட்டீர்கள். சிம்பாங் பூலாய் கல்லுமலையில் கல் லாரி ஓட்டிவிட்டு வந்தால் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் சோற்றுத் தட்டு. சந்தைப் பசாரில் நான் விற்கிற தோசை மாவைப் பார்க்க வந்தால், வாளி மூடியைத் தூக்கி, "ஒன் பூச்சிங்கல்லாம் இன்னிக்கு வேலைக்கி வந்துருச்சா லெட்சுமி?" என்று கேலி செய்வீர்கள். வந்துவிடும் அண்ணே, ஒரு நாளும் லீவு போட்டதில்லை. அவை ராத்திரியெல்லாம் உழைத்து மாவைப் பொங்க வைப்பதால்தான் எனக்கு அடுப்பு எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தோடு நான் தினமும் குடித்தனம் நடத்துகிறவள். மாவு பதமாக இருக்கிறதா, கெட்டுப்போனதா என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் குழித் தண்ணீரில் எந்தக் கெட்ட வாடையும் கிடையாது. வெறும் மழைத்தண்ணீர் வாசம்தான்.

போன வருடம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கெண்டைக்கால் வலிக்கிறது என்றீர்கள். "தண்ணி எறச்ச வலி லா, ரெண்டு நாள்ல போயிரும்" என்று நீங்களே மருத்துவம் பார்த்துக்கொண்டீர்கள். கண் சிவந்தது. அருள் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். அந்த உடம்போடு தீ மிதித்தீர்கள், மறுபக்கம் பாற்குழியில் கால் வைத்ததும் சரிந்தீர்கள்.

அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அழுக்குத் தண்ணீரில் இறங்கினீர்களா, சாக்கடை, ஆறு, வெள்ளம், ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். அண்ணியும் இல்லை என்றார். நீங்கள் பொய் சொல்லவில்லை அண்ணே. கோயில் தண்ணீரை எந்த வாயால் அழுக்கு என்று சொல்வீர்கள்?

எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது நேரம் தாண்டிவிட்டது. எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமி, தேங்கின தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து, காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே உள்ளே போய்விடும் என்று டாக்டர் அண்ணிக்கும் எனக்கும் விளக்கிச் சொன்னார். உங்கள் குதிகால் வெடிப்பைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சாவு வீட்டில் அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத லெட்சுமி. எலி மூத்திரத்துல செத்தாருன்னு பேசுவாங்க." நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமும் ஆட்கள் அந்தக் குழியில் இறங்குவார்களே என்று சண்டை போட்டேன். "எம் புருஷன் சாவ நான் எப்படி வேணாலும் சொல்லிக்குவேன், நீ யாரு கேக்க?" என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே கோயில் தலைவர் எல்லாரிடமும், "ஆத்தா கூப்புட்டுக்கிட்டா, குடுத்து வச்ச மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரியம் முடிவதற்குள் உங்களைப் பாதிச் சாமி ஆக்கிவிட்டார்கள். அண்ணியின் காலில் விழுந்து விபூதி வாங்கிப் போனவர்கள்கூட உண்டு. அந்த மரியாதைதான் அண்ணியை இந்த ஒரு வருடம் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே உங்கள் மகன் இந்த வருடம் காப்பு கட்டினான்? அப்பா மிதித்த தீயை நானும் மிதிக்கிறேன் என்றான். தோட்டத்தில் பிறக்காத பிள்ளை, ஏர்கோன் கடையில் வேலை பார்க்கிறவன், முழங்கால்வரை தண்ணீரில் நின்று சிரிக்கிற படத்தை எனக்குக் கைப்பேசியில் அனுப்பினான். பசாரில் மாவு அள்ளிக்கொண்டிருந்த நான் கரண்டியை வாளியிலேயே போட்டேன்.

உடனே கூப்பிட்டேன். "காலெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுனியாடா?"

"கோயில் தண்ணி லா அத்த. அதப் போயி சோப்பு போட்டு கழுவச் சொல்றீங்க."

அண்ணியைக் கூப்பிட்டேன். "ஆத்தா பாத்துக்குவா" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் போன் போட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான். தீமிதி நெருங்குகிற நேரத்தில் ஒரு நாள் போனை எடுக்கவில்லை.

நான் போனபோது கூடத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். கெண்டைக்காலை லேசாகத்தான் தொட்டேன், துள்ளிவிட்டான். கண்ணைப் பார்த்தேன். உங்கள் கண் அண்ணே, அதே சிவப்பு.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

"தீமிதி முடியட்டும் அத்த. காப்பு கட்டிட்டு ஆஸ்பத்திரிக்கிப் போனா தீட்டு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை, 'போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதை விழுங்கிக்கொண்டு, "காப்ப அவுக்க வேணாம்டா, ரத்தம் மட்டும் பாத்துட்டு வந்துருவோம்" என்று கெஞ்சித்தான் காரில் ஏற்றினேன். அண்ணியும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: அழுக்குத் தண்ணீரில் இறங்கினாயா? தினேஷ் இல்லை என்றான். அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியும் இல்லை என்று தலையாட்டினார். அதே கேள்வி, அதே பதில், அண்ணே. டெங்கியாக இருக்கலாம் என்று சொல்லி அவள் எழுதப் போனாள்.

"ஆடா, டொக்டர்" என்றேன். இருக்கிறது என்று. கோயில் குழி, தேங்கின தண்ணீர், சுற்றிலும் செம்பனை, எலி, எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். இவனுடைய அப்பா போன வருடம் இதனால்தான் செத்தார் என்றும் சொன்னேன். தமிழில் ஒரு வருடமாக வீட்டுக்குள் வராத வார்த்தை, மலாயில் சுலபமாக வந்துவிட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, உடனே அவனைச் சேர்த்துக்கொண்டு அதற்கான மருந்தை ஏற்றச் சொன்னாள்.

தினேஷ் என்னைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான். அண்ணி குனிந்துகொண்டார்.

கதவு திறக்கிறது. எங்களைக் கூப்பிடுகிறார்கள். வந்து எழுதுகிறேன்.

அண்ணே, நேற்று அப்படியே போட்டுவிட்டுப் போனவள் இன்று மத்தியானம்தான் பேனாவை எடுக்கிறேன்.

நேற்று அவனுக்கு மூச்சு வாங்கியது. கண்ணிலும் உடம்பிலும் மஞ்சள் ஏறிவிட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் போட வேண்டும் என்றார்கள். மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றை எடுத்தால்தான் அங்கே ஊசி போட முடியும். தாதி கத்தரிக்கோலோடு தயங்கினாள், அந்தப் பெண்ணுக்கு நம் வழக்கம் தெரிந்திருக்கிறது. பாதி மயக்கத்திலும் தினேஷ் கையை இழுத்துக்கொண்டான்.

அண்ணி கத்தரிக்கோலை வாங்கினார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னையக் கோவிச்சுக்கட்டும்" என்று சொல்லி அவரே காப்பை வெட்டினார். வெளியே வந்த பிறகு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விலக்கவில்லை.

சாயங்காலம் கோயில் தலைவர் அண்ணிக்குப் போன் பண்ணினார், அண்ணி ஸ்பீக்கரில் போட்டார். தினேஷ் தீ மிதிக்க வருவானா மாட்டானா, பேர் கொடுத்திருக்கிறானே என்று கேட்டார். பின்னால் உடுக்கைச் சத்தம் கேட்டது. அண்ணி நடைவழியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அண்ணே, எம் புருஷன ஆத்தா கூப்புடல. அந்தக் குழித் தண்ணியில எலி மூத்திரம் இருந்துச்சு. அதுலதான் செத்தாரு. இப்ப எம் பையனும் அதுலதான் கெடக்குறான். இந்த வருசம் குழியில எறங்குன எல்லாரையும் இன்னிக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. என்ன தண்ணின்னு கேட்டா மறைக்காம சொல்லச் சொல்லுங்க."

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைவர், "எனக்கே முந்தாநாள்லேருந்து காய்ச்சலாத்தான் இருக்கு சரோஜா" என்றார்.

"அப்ப இன்னும் ஏன் அங்க நிக்கிறீங்க? கெளம்புங்க" என்றார் அண்ணி.

தலைவருக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு பேர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தீமிதி நடந்தது. குறைந்த ஆட்களோடு நடந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் தாதி வெளியே வந்து, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, பையில் சேர ஆரம்பித்திருக்கிறது என்றாள். சிறுநீர் வந்ததற்காக ஒரு குடும்பமே கட்டிக்கொண்டு அழுததை நீங்கள் பார்த்திருந்தால் வருடக்கணக்கில் கேலி செய்திருப்பீர்கள். அபாயம் முழுசாக நீங்கவில்லை, இன்னும் சில நாள் போகட்டும் என்று டாக்டர் எச்சரித்தார். போகட்டும். நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை.

பகலில் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். தினேஷ் கண்ணைத் திறந்தான். குரல் சரியாக வரவில்லை.

"அப்பாவுக்கும் இதானா அத்த?"

"இதான்டா."

"முன்னுக்கே சொல்லிருந்தா நான் எறங்கிருக்க மாட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை அண்ணே. சும்மா, உள்ளதைச் சொன்னான். அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வைக்கு மேலேதான், ஆனாலும் அவன் பாதத்தைக் கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நேரமாகிவிட்டது என்று தாதி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்.

வெளியே வந்ததும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுதி வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி முழுக்கப் படித்தார். சமையலறையில் பேசியதை எழுதியிருக்கிறேனே, கிழித்துப் போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"பத்திரிகைக்கு அனுப்பு லெட்சுமி. எலி மூத்திரம்னே போடு, வேற பேரு மாத்தி எழுதாத. நான்தான் மறைக்கச் சொன்னேன்னும் இருக்கட்டும்."

"ஒங்க பேரு கெட்டுரும் அண்ணி."

"எம் புள்ள பொழைக்கணும். அடுத்தவ புள்ளையும் பொழைக்கணும்ல?"

அதனால்தான் அண்ணே, உங்களுக்கு எழுதியதை ஊரே படிக்கிறது. ஆத்தா கூப்பிட்ட மனுஷன் என்று உங்களைக் கும்பிட்டவர்கள் இனி என்ன நினைப்பார்களோ தெரியாது. உங்களுக்கு வருத்தமா? சாமியாக இருப்பது பிடித்துப் போயிருந்ததா?

வருத்தமாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் காப்பு கட்டுகிற அன்றைக்கு நான் மைக்கைப் பிடிப்பேன். என் அண்ணன் கணேசன் இந்தக் குழித் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கித்தான் செத்தார் என்று சொல்வேன். இறங்குகிற ஒவ்வொருவரும் காலில் பூட்ஸ் மாட்டும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். எந்தத் தாயும் இனி ஒரு டாக்டர் முன்னால் நின்று அந்தக் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டக் கூடாது. இது நான் உங்களுக்குச் செய்து கொடுக்கிற சத்தியம். கோபம் வந்தால் கனவில் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சொல்வதை நிறுத்த மாட்டேன்.

என்றும் உங்கள் சொல்பேச்சுக் கேட்காத தங்கச்சி,
லெட்சுமி